களவு, கொள்ளை, சூறை: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கிளிநொச்சி ஆசிரியை: களவும் கொள்ளையும் ஒன்றா ஐயா? பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள்.

ஒன்றல்ல ரீச்சர். வீட்டுக்காரர் நித்திரையில் இருக்க, சத்தமில்லாமல் கோழியைப் பிடித்துக்கொண்டு போனால் களவு. கத்தியைக் காட்டிப் பறித்தால் கொள்ளை. றோட்டில் மறித்துப் பறித்தால் வழிப்பறி. சங்கப் பாடல் இவர்களை 'ஆறலை கள்வர்' என்கிறது. ஆறு என்றால் அங்கே வழி.

மாங்குளம் வாசகர்: அப்படியென்றால் 'கொள்ளை அழகு' எப்படி வந்தது?

கொள் என்ற வினைதான் வேர். அள்ளிக்கொள்வதும் கொள்ளை, அள்ள அள்ளக் குறையாமல் கிடப்பதும் கொள்ளை. காட்டில் பாலைப்பழம் கொள்ளையாகக் கிடக்கு என்கிறோமே, அதுதான். ஊரையே வாரிக்கொண்டு போனால் கொள்ளை நோய்.

இன்னொருவர்: கொள்ளையன், கொள்ளைக்காரன், எது சரி?

இரண்டும் சரி.

ஒட்டுசுட்டான் விவசாயி: யானை வயலைச் சூறையாடியது என்று பேப்பரில் போடுகிறார்கள். பொருந்துமா?

பொருந்தும் அண்ணை. சூறை என்பது சுழன்றடிக்கும் காற்று. எடுத்ததை விட அழித்தது கூட என்றால் சூறையாடல். யானை தின்பது கொஞ்சம், மிதிப்பதுதான் கூட.

முல்லைத்தீவு மாணவன்: 1803இல் வன்னியின் அரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்துப் பீரங்கிகளை எடுத்துச் சென்றானே, அது கொள்ளையா?

இல்லைத் தம்பி. போரில் எதிரியின் ஆயுதத்தை எடுப்பது கைப்பற்றல். போரைப் பாடும் பழைய புறத்திணையில் பகைவரின் மாடுகளைக் கவர்வது வெட்சி, அவற்றை மீட்பது கரந்தை. அங்கே மாடு கவர்வதே போரின் தொடக்கம். ஆனால் சண்டையில் இல்லாத சனத்தின் சொத்தில் கைவைத்தால், வென்றவர் என்ன பெயர் வைத்தாலும் அது கொள்ளைதான்.

விசுவமடு அம்மா: சண்டை முடிந்து திரும்பி வந்தபோது வீட்டில் ஓடும் இல்லை, கதவு நிலையும் இல்லை. விண்ணப்பத்தில் 'காணாமற்போன பொருட்கள்' என்று எழுதித் தந்தார்கள். அது சரியா?

சரியில்லை அம்மா. கதவு நிலையைச் சுவரிலிருந்து பெயர்க்க ஆள் வேண்டும், கூரை ஓட்டை இறக்கி ஏற்ற வாகனம் வேண்டும். 'காணாமற்போன' என்று எழுதினால் எடுத்தவர் அந்த வசனத்திலேயே இல்லாமல் போய்விடுகிறார். களவு என்ற சொல்லும் போதாது. சனம் உயிருக்குப் பயந்து ஓடிய ஊரில், ஒளிக்க வேண்டிய தேவையே இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். போர்க்காலத்தில் பொதுமக்களைப் பாதுகாக்க வந்த 1949ஆம் ஆண்டு நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 33ஆம் உறுப்புரை கொள்ளையிடுவதைத் தடைசெய்கிறது. அங்கே உள்ள சொல்லையே நீங்களும் பாவியுங்கோ. 'கொள்ளையிடப்பட்ட பொருட்கள்' என்று தலைப்புப் போட்டு, ஓடு, நிலை, யன்னல், தண்ணீர் மோட்டர் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கோ.