நோட்டில் இல்லாத பேர்

கேள்வி: தர்மபுரியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். வயது 46. கணவர் காலமாகி எட்டு வருடம் ஆகிறது. கர்ப்பப்பையில் கட்டி இருப்பதால் நாலு வருடமாக ரத்தப்போக்கு. இரண்டு முறை ரத்தம் ஏற்றினார்கள். போன மாதம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.2. அடுத்த மாதம் இங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். இத்தனை நாளும் என்னைத் தாங்கியது கடையில் கூட வேலை செய்யும் நாலு தோழிகள்தான். அவர்கள் செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எழுந்து நடமாடியதும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்ய வேண்டும். மகனுக்கு 24 வயது, ஓசூரில் கம்பெனி வேலை. பெண் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம் என்பதால் அவனிடம் "சின்னக் கட்டி, மாத்திரையில் கரைந்துவிடும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். ராத்திரியில் பயமாக இருக்கிறது. மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளவும், தோழிகளின் கடனை அடைக்கவும் வழி சொல்லுங்கள்.

பதில்: பயப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று எழுதத் தோன்றவில்லை. அதைச் சொல்ல உங்களுக்கு நாலு தோழிகள் இருக்கிறார்கள். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு எனக்கு எழுதுகிற பெண்கள் எல்லோரும் தைரியம்தான் கேட்கிறார்கள். நீங்கள் அனுப்பிய அந்த நோட்டுப் பக்கத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு கேள்வி வந்துவிட்டது.

நாலு வரி எழுதியிருக்கிறீர்கள், கோணல் இல்லாத நல்ல கையெழுத்து. "செவ்வாய், ஆட்டோ 80, பில் கவுன்ட்டர் அக்கா. புதன், ரசம் சாதம், மாதுளை 2. வெள்ளி, ஸ்கேனுக்குக் கூட வந்தது, அரை நாள் சம்பளம் பிடித்தம். சனி, தண்ணீர் 6 குடம்."

அந்த வெள்ளிக்கிழமை வரியைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள். உங்களோடு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்ததற்காக ஒரு பெண் அரை நாள் சம்பளத்தை இழந்திருக்கிறாள். துணிக்கடைச் சம்பளத்தில் அரை நாள் என்றால் என்ன என்பது உங்களுக்கே தெரியும். அவள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும், பால் பாக்கி இருக்கும். அதே வெள்ளிக்கிழமை உங்கள் மகன் ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து ரூமில் படுத்திருந்திருப்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மாவுக்கு மாத்திரையில் கரைகிற கட்டிதானே இருக்கிறது!

ரேஷன் கார்டில் அவன் பேர் இருக்கிறது. நோட்டில் இல்லை. ஊரான் பிள்ளையிடம் ஆறு குடம் தண்ணீர் வாங்கிக்கொண்டு, பெற்ற பிள்ளையிடம் விஷயத்தையே மறைக்கிறீர்கள். இதைத் தியாகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. மகனுக்குச் சேர வேண்டிய சுமையைப் பிரித்து நாலு பெண்கள் தலையில் ஏற்றிவிட்டு, அப்புறம் அவர்களுக்குக் கடன்பட்டுவிட்டேனே என்று ராத்திரியில் விழித்திருக்கிறீர்கள்.

அந்த நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது மொய் நோட்டு. கல்யாணத்தில் வைத்ததைத் திருப்பி வைக்காவிட்டால் ஊர் பேசும், அதற்கு நோட்டு வேண்டும். ரசம் சாதம் கொண்டுவந்தவள் வீட்டுக்கு ஒரு நாள் நீங்கள் கணக்குப் பார்த்து மாதுளை இரண்டும் ரசமும் கொண்டுபோய் நீட்டினால் அவள் முகம் எப்படிப் போகும் என்று யோசியுங்கள். "இதுக்குத்தானா எழுதி வெச்சே?" என்று கேட்பாள். கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அவள் தோழி இல்லை. சம்பளப் பிடித்தம் மட்டும் வேறு விஷயம். அது காசு, அதை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். மற்றதை அடைக்க நினைக்காதீர்கள்.

பெண் பார்க்கிற நேரம் என்கிறீர்களே, நோயாளி மாமியார் என்று தெரிந்தால் வருகிறவர்கள் பின்வாங்குவார்கள் என்பதுதானே உங்கள் கணக்கு? தர்மபுரியில் ஒரு கடையே அறிந்த விஷயம் பெண் வீட்டுக்காரர் காதுக்குப் போகாது என்றா நினைக்கிறீர்கள்? பிறகு தெரிந்தால், மறைத்துப் பெண் எடுத்தார்கள் என்ற பேச்சு வேறு கிளம்பும். கர்ப்பப்பைக் கட்டி சாபமும் இல்லை, ஒட்டுகிற வியாதியும் இல்லை. அதற்காக முகம் திருப்புகிற சம்பந்தம் போனால் போகட்டும்.

எனக்குப் பழைய புத்தி என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். தாய் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது வயது வந்த பிள்ளை வெளியே நிற்க வேண்டும். அவனுக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி, பாலக்கோடு வழியாக தர்மபுரிக்கு ரயிலே வருகிறது. கிருஷ்ணகிரி வழியாக பஸ்ஸுக்கும் குறைவில்லை. பெங்களூரில் கூட இல்லை அவன், ஓசூரில் இருக்கிறான்!

பெண்கள் வார்டில் இரவில் ஆண்களை விட மாட்டார்களே என்று சொல்வீர்கள். பெரும்பாலும் விட மாட்டார்கள்தான். இரவுத் துணைக்கு ஒரு தோழி இருக்கட்டும், அது அவள் மட்டுமே செய்யக்கூடியது. பகலில் லேபுக்கு ஓடுவது, ரிப்போர்ட் வாங்குவது, மருந்து வாங்குவது, கையெழுத்துப் போடுவது, காப்பீட்டு அட்டையோடு வரிசையில் நிற்பது எல்லாம் அவன் வேலை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் அதற்கும் அவனே அலையட்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று வேண்டும். அவன் சம்பளத்தையும் சேர்த்தால் அது தாண்டுமா என்பது அவனுக்குத்தான் தெரியும்.

ரத்தமும் அப்படித்தான். 7.2 வைத்துக்கொண்டு, அவசரமில்லாத ஆபரேஷனுக்கு மயக்க டாக்டர் லேசில் தலையாட்ட மாட்டார், பத்துக்குப் பக்கத்திலாவது வரட்டும் என்பார்கள். அதற்கு இரும்புச்சத்து ஊசியோ மறுபடி ரத்தமோ தேவைப்படலாம். உங்கள் மகன் 45 கிலோவுக்கு மேல் இருந்து, அவன் ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ரத்த வங்கியில் போய்க் கொடுக்கலாம். உங்கள் குரூப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை, அவன் ரத்தம் வேறு யாருக்கோ போகும், உங்களுக்குப் பொருந்துகிறது வங்கியிலிருந்து வரும். நீங்கள் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடுகிற ஆளாக இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், டீ இரும்பை உடம்பில் சேர விடாது. எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். நம் ஊர் கேழ்வரகுக் களி நல்ல சாப்பாடுதான், ஆனால் களியும் கீரையும் மட்டும் ஒரு மாதத்தில் 7.2-ஐப் பத்தாக்காது.

டாக்டரிடம் ஒரு கேள்வி மறக்காமல் கேளுங்கள், சினைப்பையையும் எடுக்கிறார்களா, விட்டுவைக்கிறார்களா என்று. இரண்டையும் எடுத்தால் மாதவிடாய் நின்ற நிலைக்கு உடம்பு சட்டென்று போய்விடும். சூடு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரலாம். முன்பே தெரிந்திருந்தால், எனக்கு என்னவோ ஆகிறது என்று நடுராத்திரியில் திகைக்க வேண்டியதில்லை.

வயிற்றைத் திறந்து செய்கிற ஆபரேஷன் என்றால் சுமார் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. ஓகேனக்கல் குடிநீர் வருகிற நாளில் அந்த ஆறு குடத்தை யார் தூக்குவது? பக்கத்தில் இருக்கிற தோழி ஒரு வாரம் தூக்குவாள், இரண்டு வாரம் தூக்குவாள். மூன்றாவது வாரம் அவளுக்கும் இடுப்பு வலிக்கும். தாங்க முடியாமல் நீங்களே ஒரு குடத்தை எடுப்பீர்கள், உள்தையல் விட்டுப்போகும் என்ற நினைப்பே அப்போது வராது. உங்கள் மகனுக்கு லீவு கிடைக்காவிட்டால், தண்ணீர் விடுகிற நாட்களிலாவது வந்துபோகட்டும். அதுவும் முடியாதென்றால் ஆள் வைத்துத் தண்ணீர் எடுக்க அவன் பணம் அனுப்பட்டும்.

இன்று ராத்திரி அவனைக் கூப்பிடுங்கள். "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்று ஆரம்பித்தால் வழக்கம்போல அதிலேயே முடிந்துவிடும். எடுத்ததும் தேதியைச் சொல்லுங்கள். கட்டி எத்தனை சென்டிமீட்டர், ரத்தம் எத்தனை தடவை ஏற்றினார்கள், ஸ்கேனுக்குக் கூட வந்தது யார், அவளுக்கு எவ்வளவு சம்பளம் போனது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கோபப்படுவான், கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனியில் சூப்பர்வைசரிடம் இந்த வாரமே லீவு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், கடைசி நேரத்தில் ஷிஃப்ட் மாற்றித் தர மாட்டார்கள். மயக்க டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று அவனும் கூட வரட்டும். தோழிகளை அன்றைக்குக் கடைக்குப் போகச் சொல்லுங்கள்.