புது வருஷத்துல வாட்டர்கலர் பழகப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். "இந்த வருஷமாவது ஏதாச்சும் வரையணும்"னு இத்தன பேர் சொன்னதப் பாத்து மனசு நெறஞ்சு போச்சு. 11 வருஷமா ஆபீஸ் முடிஞ்சு வந்து சாயங்காலம் வாட்டர்கலர் பண்றேன், கேட்டதுக்கெல்லாம் தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

கேள்வி: வயசு 38. ஸ்கூல்ல வரைஞ்சதோட சரி. இப்ப ஆரம்பிச்சா கை வருமா?

பதில்: மனசு லேசாகணும்னு தானே வரீங்க, அதுக்கு கை வரணும்னு அவசியமே இல்லங்க. 2016ல அமெரிக்காவோட டிரெக்ஸல் யுனிவர்சிட்டில 39 பேர 45 நிமிஷம் களிமண், மார்க்கர், படம் வெட்டி ஒட்டுறதுன்னு இஷ்டத்துக்கு பண்ண விட்டு, முன்னாடியும் பின்னாடியும் எச்சில்ல கார்ட்டிசால் (மன அழுத்தம் வந்தா கூடுற ஹார்மோன்) எவ்ளோன்னு பாத்தாங்க. சுமார் 75 சதவீதம் பேருக்கு குறைஞ்சிருந்துச்சு, ஏற்கனவே வரைஞ்சு பழகினவங்களா இல்லையாங்கறதெல்லாம் வித்தியாசமே காட்டல. சின்ன ஆராய்ச்சி தான், ஆனா நான் அனுபவிச்சதும் அதே தான்.

கேள்வி: என்னென்ன வாங்கணும்? லிஸ்ட் பாத்தாலே தலை சுத்துது.

பதில்: பேப்பருக்கு காச செலவு பண்ணுங்க, பெயிண்ட்ல மிச்சம் பிடிங்க. நிறைய பேர் இத தலைகீழா பண்றாங்க. பிரின்ட் எடுக்குற பேப்பர் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தன கிராம்ங்கற கணக்கு) தான், தண்ணி பட்டதும் மேடு பள்ளமா சுருண்டு பெயிண்ட் பள்ளத்துல போய் தேங்கிடும், அதப் பாத்துட்டு "எனக்கு வரல"ன்னு பெட்டிய மூடி வெச்சுடுவாங்க, தப்பு பேப்பரோடதுங்க உங்களோடது இல்ல. 300 ஜிஎஸ்எம் கோல்ட் பிரஸ் (லேசா சொரசொரன்னு இருக்குற வாட்டர்கலர் பேப்பர்) வாங்குங்க, காட்டன் பேப்பரா இருந்தா ஈரம் ரொம்ப நேரம் நிக்கும், நிதானமா வேலை பாக்கலாம். மத்தபடி 12 கலர் பெட்டி ஒன்னு, 8ம் நம்பர் ரவுண்ட் பிரஷ் ஒன்னு, ரெண்டு டம்ளர் தண்ணி, ஒரு பழைய துணி. போதும்.

கேள்வி: எல்லா கலரும் சேறு மாதிரி ஆயிடுது, நடுவுல காலிஃபிளவர் மாதிரி திட்டு வேற விழுது.

பதில்: ரெண்டும் வேற வேற பிரச்சனை. சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும் ஒன்ன ஒன்னு கொன்னுடும், அதோட மூணாவது நாலாவது கலரும் போனா சேறு தான். கொஞ்ச நாள் ரெண்டு கலருக்கு மேல கலக்காதீங்க. திட்டு எதனாலன்னா, பேப்பர்ல பளபளப்பு போய் பாதி காஞ்ச நேரத்துல அத விட ஈரமான பிரஷ்ஷ வெச்சுடறீங்க, அந்தத் தண்ணி உள்ள ஓடி கலர ஓரத்துக்கு தள்ளிடுது. பளபளன்னு இருக்கும்போதே தொடுங்க, இல்லன்னா முழுசா காய விடுங்க. புறங்கையால தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருந்தா இன்னும் காயல. அப்புறம் காஞ்சா கலர் வெளிறிடும், அதனால ஒரு படி அழுத்தமாவே போடுங்க.

கேள்வி: தினம் ஒரு படம், வருஷத்துக்கு 365ன்னு முடிவு பண்ணேன். ஜனவரி 9ம் தேதியே விட்டுப் போச்சு. அவ்ளோதானா?

பதில்: இல்லவே இல்ல! நானும் மூணாவது வருஷம் இதே கணக்கோட ஆரம்பிச்சு பிப்ரவரில நாலு நாள் விட்டுப் போயி, அந்தக் குற்ற உணர்ச்சியிலயே ரெண்டு மாசம் பிரஷ்ஷ தொடல. இப்ப யோசிச்சா அந்த ரெண்டு மாசத்துக்குத் தான் வருத்தம், நாலு நாளுக்கு இல்ல. 21 நாள்ல பழக்கம் வந்துடும்னு சொல்றத நம்பாதீங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேர வெச்சுப் பண்ணி 2010ல வெளிவந்த ஆராய்ச்சில சராசரி 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 நாள் வரைக்கும் மாறுச்சு, நடுவுல ஒரு நாள் விட்டதால பெருசா ஒன்னும் கெட்டுப் போகல. அதனால படத்த எண்ணாதீங்க, நேரத்த ஏதாவது ஒரு வேலையோட கோர்த்து விடுங்க. எனக்கு ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதும் 15 நிமிஷம். பெட்டி மேஜை மேலயே திறந்து கிடக்கும், அலமாரிக்குள்ள போச்சுன்னா அன்னிக்கு வரைய மாட்டேன்.

கேள்வி: படத்த போஸ்ட் பண்ணி லைக் வரலன்னா மனசு உடைஞ்சு போயிடுது.

பதில்: மூணு மாசம் யாருக்கும் காட்டாதீங்க. வீட்டுல கூட.

கேள்வி: கைக்குழந்தை இருக்கு, பத்து நிமிஷம் கிடைச்சாலே பெருசு. என்ன பண்ணலாம்க்கா?

பதில்: போஸ்ட்கார்டு சைஸ்ல பேப்பர வெட்டி வெச்சுக்கோம்மா. ஒரு மாசம் முழுக்க ஒரே கலர், அல்ட்ராமரின் நீலம் போதும். தண்ணி கூட்டிக் குறைச்சு வெளிர்ல இருந்து அடர்த்தி வரைக்கும் பட்டை போட்டுப் பாரு, அப்புறம் ஒரு சாவி, ஒரு இலைன்னு வரை. ரொம்ப டயர்டா இருந்தா பட்டை மட்டும் போடு, கலர் தானா இறங்குறத பாத்துட்டு இருந்தாலே மூச்சு நிதானமாயிடும்.

கேள்வி: சொதப்பின படத்தயெல்லாம் கிழிச்சுப் போட்டுடலாமா?

பதில்: ஐயோ வேணாங்க. பின்பக்கம் கலர் கலந்து பாக்க ஆகும். மூலையில தேதி எழுதி ஒரு கவர்ல போட்டு வைங்க, டிசம்பர்ல எடுத்து வரிசையா தரையில பரப்பிப் பாருங்க.