ஜெர்மனியில் மாஸ்டர்: பட்டத்தின் பெயரை விட கிரெடிட் கணக்கு முக்கியம்

கேள்வி: தமிழ்நாட்டில் மூன்றாண்டு பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். ஜெர்மனியில் நேரடியாக மாஸ்டர் சேர முடியுமா? டிப்ளோம், ஸ்டாட்ஸ்எக்ஸாமன் என்கிறார்களே, அவை எந்த நிலைப் பட்டங்கள்?

பதில்: சேரலாம். ஆனால் எந்தப் படிப்பில் என்பதை இசிடிஎஸ் என்ற ஐரோப்பிய கிரெடிட் கணக்குதான் முடிவு செய்யும்.

1999-இல் ஐரோப்பிய நாடுகள் உயர்கல்வி முறைகளை ஒன்றோடொன்று பொருத்த போலோன்யா உடன்பாடு செய்த பிறகு, ஜெர்மனியில் பெரும்பாலான படிப்புகள் பாச்சலர் (இளநிலை), மாஸ்டர் (முதுநிலை) என இரண்டு படிகளாகிவிட்டன. முழுநேரப் படிப்பில் ஓராண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டுப்படிப்பு, தேர்வு எல்லாம் சேர்ந்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பாச்சலர் 180, 210 அல்லது 240. மாஸ்டர் 60 முதல் 120. பொதுவாக இரண்டும் சேர்ந்து 300 வர வேண்டும்.

பலர் தடுமாறுவது இங்கேதான். செய்முறைக்கு முக்கியத்துவம் தரும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களில் பாச்சலர் பெரும்பாலும் ஏழு செமஸ்டர், 210 கிரெடிட். அதைத் தொடரும் மாஸ்டர் மூன்று செமஸ்டர், 90 கிரெடிட். மூன்றாண்டுப் பட்டம் 180-ஆக ஏற்கப்பட்டாலும் அங்கே 30 குறையும். சில இடங்களில் கூடுதல் பாடம் எழுதச் சொல்வார்கள், சில இடங்களில் விண்ணப்பத்தையே தள்ளிவிடுவார்கள். ஆகவே 120 கிரெடிட், நான்கு செமஸ்டர் மாஸ்டர்களை முதலில் தேடுங்கள். உங்கள் சான்றிதழில் 140 கிரெடிட் என்றிருந்தால் அதை 140 இசிடிஎஸ் என்று எழுதிவிடாதீர்கள். இரண்டும் வேறு அளவுகோல். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் மணி நேரத்தோடு இணைத்து அனுப்புங்கள். குவாண்டம் இயக்கவியலில் இத்தனை, ஆய்வகத்தில் இத்தனை என்று பாடவாரியாகத்தான் பார்ப்பார்கள்.

மதிப்பெண்ணும் மாறும். அங்கே 1.0 சிறந்தது, 4.0 தேர்ச்சி எல்லை. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழியுங்கள்; அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 100-க்கு 70, தேர்ச்சி 40 என்றால் 30/60 × 3 + 1 = 2.5. பல துறைகள் 2.5-ஐயே எல்லையாக வைத்திருக்கின்றன, எனவே இதை முதலிலேயே கணக்கிட்டுவிடுங்கள்.

இன்னொன்று, "வைட்டர்பில்டெண்ட்" என்று குறித்த மாஸ்டர் பணியில் இருப்பவர்களுக்கானது. வழக்கமாக ஓராண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், கட்டணமும் உண்டு. உங்களுக்கு வேண்டியது "கொன்செகுட்டிவ்", அதாவது பாச்சலரைத் தொடர்ந்து படிக்கும் மாஸ்டர். அதற்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் படிப்புக் கட்டணம் கிடையாது. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது.

டிப்ளோம் என்றதும் நம் ஊர் பாலிடெக்னிக் டிப்ளமோவை நினைக்க வேண்டாம். அது பாச்சலர், மாஸ்டர் என்று பிரியாத பழைய ஒற்றைப் படிப்பு. பல்கலைக்கழக டிப்ளோம் மாஸ்டருக்கு இணை. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியலில் இன்றும் உண்டு. ஸ்டாட்ஸ்எக்ஸாமன் அரசுத் தேர்வோடு முடிவது: மருத்துவம், சட்டம், மருந்தியல் போன்றவை. மருத்துவத்துக்கு இடையில் பாச்சலர் கிடையாது, வழக்கமான படிப்புக் காலம் ஆறு ஆண்டு மூன்று மாதம்.

முனைவர் பட்டத்துக்கு வழக்கமாக மாஸ்டர் வேண்டும். முதலில் வழிகாட்டும் பேராசிரியர் சம்மதிக்க வேண்டும். பல இடங்களில் அது சம்பளத்தோடு கூடிய பணி.

விண்ணப்பத்துக்கு முன், வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களின் அங்கீகாரத்தைக் காட்டும் ஜெர்மனியின் அனாபின் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகம் "எச்+" (அங்கீகரிக்கப்பட்டது) என்றிருக்கிறதா பாருங்கள். இந்தியப் பட்டதாரிகளுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்குத் தேவை. பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடே கேட்பதால், மதிப்பெண் பட்டியல்கள் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதற்கு விண்ணப்பியுங்கள்.