கட்டைவிரல் பழகட்டும்: கேம்பேட் கேள்வி பதில்

பல வருடம் கீபோர்டும் மவுஸுமாக விளையாடிவிட்டு இப்போது கேம்பேடுக்கு, அதாவது இரண்டு கையாலும் பிடித்துக் கட்டைவிரலால் இயக்கும் கருவிக்கு, மாறும் நண்பர்கள் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

செந்தூல்: அண்ணே, பள்ளிக்கூட நாளிலிருந்து மவுஸ்தான். சுடும் விளையாட்டைக் கேம்பேடில் ஆடினால், திரை நடுவில் இருக்கும் குறி எப்போதும் எதிரியைத் தாண்டிப் போய்விடுகிறது. என் கைக்கு இது வராதா?

வரும் தம்பி. கையில் குறை இல்லை, இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. மவுஸை எவ்வளவு தூரம் நகர்த்துகிறீர்களோ, பார்வை அவ்வளவுதான் திரும்பும். கை நின்றால் பார்வையும் நிற்கும். கேம்பேடில் கட்டைவிரலுக்கு இருக்கும் சின்னக் குச்சிதான் ஸ்டிக். அதைச் சாய்த்துப் பிடித்தால், விடும்வரை பார்வை சுழன்றுகொண்டே இருக்கும். சாய்வு வேகத்தைத்தான் முடிவு செய்கிறது, தூரத்தை அல்ல. எதிரி குறிக்குள் வந்த பிறகு விரலை எடுத்தால் தாமதம். வருவதற்குக் கொஞ்சம் முன்பே தளர்த்த வேண்டும்.

இன்னொன்று, இதைப் பலரும் சொல்வதில்லை: குறி வைப்பது வலது கையின் வேலை மட்டுமல்ல. வலது ஸ்டிக்கால் தோராயமாகத் திருப்புங்கள். எதிரி குறிக்குச் சற்று வலப்பக்கம் இருக்கிறானா? வலது ஸ்டிக்கைத் தொடாமல், இடது ஸ்டிக்கால் நீங்களே ஓர் எட்டு வலப்பக்கம் நகருங்கள். குறி அவன்மேல் வந்து உட்காரும். நடக்கும்போதே குறியை நெஞ்சு உயரத்தில் வைத்திருந்தால் மேலே கீழே தேடும் வேலையும் மிச்சம். மவுஸ் பழகியவர்கள் இடது கையை நடக்க மட்டுமே வைத்திருப்பார்கள். அந்தப் பழக்கம் மாறினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிறை: செட்டிங்கில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? குறி வைக்க விளையாட்டே உதவும் எய்ம் அசிஸ்ட் ஏமாற்று வேலை இல்லையா?

சென்சிடிவிட்டியை, அதாவது ஸ்டிக் சாய்வுக்குப் பார்வை திரும்பும் வேகத்தை, குறையுங்கள். மவுஸில் சட்டென்று திரும்பிப் பழகியவர்கள் அதே வேகத்தைத் தேடி அதை ஏற்றிவிடுகிறார்கள், பிறகு ஒன்றும் நிற்பதில்லை. டெட்ஸோன் என்பது ஸ்டிக்கின் நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி. விரலை எடுத்ததும் பார்வை தானாக நகராத அளவுக்கு வைத்தால் போதும், அதற்கு மேல் வைத்தால் நுண்ணிய அசைவுகள் போய்விடும். மாற்றியதை நாளுக்கொரு தடவை மறுபடி மாற்றாதீர்கள். விரல் பழக அவகாசம் கொடுங்கள்.

எய்ம் அசிஸ்ட் ஏமாற்று இல்லை. 2001இல் வந்த ‘ஹேலோ’ காலத்திலிருந்தே கன்சோலில் சுடும் விளையாட்டுகளை அந்த உதவியையும் சேர்த்துத்தான் வடிவமைக்கிறார்கள். தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆயர் ஈத்தாம்: தம்பி, நான் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. எந்த மாதிரி விளையாட்டில் தொடங்கலாம்?

அக்கா, சுடும் விளையாட்டில் தொடங்கவே வேண்டாம். முதலில் கேமராவை நாம் திருப்ப வேண்டியிராத, பக்கவாட்டில் ஓடித் தாவும் 2டி விளையாட்டு. பட்டன்கள் எங்கே என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அடுத்து கார் பந்தயம். கீபோர்டில் கேஸ் (ஆக்சிலரேட்டர்) என்றால் முழு கேஸ், இல்லையென்றால் ஒன்றுமில்லை. ஆள்காட்டி விரலுக்கு இருக்கும் கேம்பேடின் டிரிகரைப் பாதி அழுத்தினால் பாதி கேஸ், ஸ்டிக்கைக் கொஞ்சம் சாய்த்தால் கொஞ்சம் வளைவு. ஒரு வளைவை வழுக்காமல் எடுத்த அன்றைக்கே கேம்பேடின் அருமை புரிந்துவிடும். அதன்பிறகு முதுகுப் பக்கமிருந்து ஆளைப் பார்க்கும் சாகச விளையாட்டுகள். சுடுவது கடைசியில்தான்.

பாயான் லெப்பாஸ்: திரையில் எக்ஸ் என்று வந்தால் கீழே குனிந்து தேடுகிறேன். வீட்டில் நிண்டெண்டோ ஸ்விட்சும் இருப்பதால் இன்னும் குழப்பம்.

எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, பி வலப்பக்கம். நிண்டெண்டோவில் ஏ வலப்பக்கம், பி கீழே. எக்ஸும் ஒய்யும்கூட இடம் மாறியிருக்கும். பிளேஸ்டேஷனில் எக்ஸ் போன்ற குறி கீழே. ஆகவே எழுத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். கீழ், வலது, இடது, மேல் என்று இடத்தை மனதில் வையுங்கள். கொஞ்ச காலம் ஒரே கேம்பேடோடு இருப்பது இன்னும் நல்லது.

பிரிக்பீல்ட்ஸ்: வேலரண்ட் என்ற சுடும் விளையாட்டைக் கேம்பேடில் ஆடலாமா?

கணினியில் முடியாது, அது கேம்பேடை ஏற்பதில்லை. அதற்கு மவுஸையே வைத்துக்கொள்ளுங்கள். வியூக விளையாட்டுகளுக்கும் அப்படித்தான். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே.

பட்டர்வொர்த்: விரலை எடுத்த பிறகும் ஆள் தானாக நடக்கிறான். புதிதாக வாங்குவதென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

இதுதான் டிரிஃப்ட். பெரும்பாலான ஸ்டிக்குகளுக்குள் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கிறது. உள்ளே ஒரு முனை தடத்தின்மேல் உரசியபடி நகரும், நாளாக ஆகத் தடம் தேயும். டெட்ஸோனைச் சற்று ஏற்றினால் கொஞ்ச காலம் ஓட்டலாம். அவ்வளவுதான். ஹால் எஃபெக்ட் ஸ்டிக்குகள் காந்தப்புலத்தை வைத்து அசைவை அளக்கின்றன. அளக்கும் இடத்தில் உரசல் இல்லாததால் அந்தத் தேய்மானமும் இல்லை. வாங்குவதானால் அதைக் கேட்டு வாங்குங்கள். கோலாலம்பூர் வந்தால், கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் சில கடைகள் ஏறி இறங்கி, கையில் பிடித்துப் பாருங்கள். எந்தக் கேம்பேட் யார் கைக்குப் பொருந்தும் என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மவுஸ் மாதிரியான நுணுக்கம் வேண்டுமென்றால், கேம்பேட் திரும்புவதை உணரும் கைரோ உள்ளதாக எடுங்கள். கேம்பேடையே லேசாகத் திருப்பிக் குறியைச் சரிசெய்யலாம். பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸில் அது இருக்கிறது, எக்ஸ்பாக்ஸின் சாதாரணக் கேம்பேடில் இல்லை. கணினியில் அதற்குப் பெரும்பாலும் ஸ்டீம் செயலியின் கேம்பேட் அமைப்பான ஸ்டீம் இன்புட்டை இயக்க வேண்டும். மவுஸிலிருந்து வருபவர்களுக்கு நான் மனதாரப் பரிந்துரைப்பது இதைத்தான்.

செந்தூல்: கொஞ்ச நேரத்திலேயே கட்டைவிரல் வலிக்கிறதே?

இறுக்கிப் பிடிக்கிறீர்கள். பதற்றத்தில் ஸ்டிக்கைக் கீழ்நோக்கி அழுத்துவதும் நடக்கும். முழங்கையைத் தொடையிலோ நாற்காலிக் கையிலோ வைத்து, கேம்பேடின் எடையை மற்ற விரல்கள் தாங்கட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்தால் பிடி தானாக இறுகும். பக்கத்தில் ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு கொடுத்தும் வலி நீடித்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.