முதல் ரெஸ்யூமே: பெங்களூரு மாணவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கே: ரெஸ்யூமே எத்தனை பக்கம் இருக்கலாம்? (பி.சி.ஏ. மாணவர், கோரமங்கலா)

ஒன்று. இருபது வயதுக்கு அதுவே தாராளம்.

கே: எனக்கு வேலை அனுபவம் இல்லை. நான்கு வருடமாக அப்பாவின் பூக்கடையில் வாரக் கடைசியில் கணக்குப் பார்க்கிறேன். அதை எழுதினால் சிரிப்பார்களா? (பி.காம். மாணவி, ஸ்ரீராமபுரம்)

சிரிக்கிறவரிடம் வேலைக்குப் போகாதீர்கள். கே.ஆர். மார்க்கெட்டில் விடிவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும். அந்த நெரிசலில் கடன் நோட்டைப் பிசகாமல் வைத்திருக்கும் பெண்ணுக்கு வேலை அனுபவம் இல்லையா? ஆனால் ‘தந்தைக்கு உதவி’ என்று எழுதி அதை வீணாக்காதீர்கள். எத்தனை பேரின் பாக்கியை எழுதி வைக்கிறீர்கள், யுபிஐ வரவையும் ரொக்கத்தையும் எப்படி ஒத்துப் பார்க்கிறீர்கள், வரமகாலட்சுமி வாரத்தில் விற்பனை எத்தனை மடங்கு ஏறுகிறது என்று மூன்றே வரி எழுதுங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றியிருந்தால் அதையும் சேருங்கள். எந்த எண்ணைக் கேட்டாலும் நோட்டைப் புரட்டாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

கே: புகைப்படம், அப்பா பெயர், மதம், ஆதார் எண்? (பலர்)

நான்கும் வேண்டாம். இது கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் ஜாதகம் அல்ல.

கே: தருமபுரியிலிருந்து வந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கிறேன். எனக்கு இனிஷியல் மட்டும்தான் உண்டு. ஆன்லைன் படிவம் ‘லாஸ்ட் நேம்’ கேட்கிறது.

நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வரும் சிக்கல்தான். ரெஸ்யூமேயில் மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். படிவத்துக்கு, பாஸ்போர்ட் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரைப் போடுங்கள். இடத்துக்கு இடம் பெயரை மாற்றி எழுத மட்டும் கூடாது. பின்னணிச் சரிபார்ப்பில் வேலை உத்தரவு மாதக்கணக்கில் தொங்கும். இன்னொன்று, பிளஸ் டூவுக்கு இங்கே பி.யு.சி. என்று பெயர். நீங்கள் வெறுமனே ‘ஹெச்.எஸ்.சி.’ என்று விடாமல் ‘பிளஸ் டூ, தமிழ்நாடு மாநில வாரியம்’ என்று எழுதுங்கள்.

கே: ரெஸ்யூமேயின் தலையில் போட நல்ல ஆப்ஜெக்டிவ் (குறிக்கோள் வரி) ஒன்று அனுப்புங்கள். அவசரம்.

ஊர் இல்லை, படிப்பு இல்லை, என்ன வேலைக்கு என்பதும் இல்லை. என்னிடம் கேட்டு வாங்கி ஒட்டினால் அது உங்கள் குறிக்கோளா, என் குறிக்கோளா?

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் எங்கள் நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும் வளாகத் தேர்வுக்கு ஏறக்குறைய இருநூறு ரெஸ்யூமே படித்தேன். முக்கால்வாசியில் ஒரே வாக்கியம்: சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் பங்களிப்பேன். யாரோ ஒரு புண்ணியவான் எழுதியதை ஒவ்வொரு வருடமும் சீனியர் ஜூனியருக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். அடியில் உறுதிமொழி, ‘இடம்: சேலம்’. பையன் பிறந்து வளர்ந்தது சிவாஜிநகரில். தேதியோ இரண்டு வருடம் பழையது. இன்னொருவருக்கு போன் செய்தேன். எடுத்தவர் பணிவாக, “சார், நான் ஏற்கெனவே உங்கள் ஆபீஸில்தான் இருக்கிறேன், நான்காவது மாடி” என்றார். ஜூனியர் பெயரை மாற்றியிருக்கிறான், எண்ணை மாற்றவில்லை. நல்ல பையனாகவும் இருந்திருக்கலாம். அவனைத் தேடிப் பிடிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

ஆகவே வெள்ளைத் தாளில் தொடங்குங்கள். ஆப்ஜெக்டிவ் எழுதியே தீர வேண்டும் என்றால், என்ன வேலை, அதற்காக இதுவரை என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி போதும். உறுதிமொழியை வெட்டிவிடுங்கள். போன் எண்ணை வாய்விட்டு மூன்று முறை படியுங்கள். வருடா வருடம் சொல்கிறேன்.

கே: சி.ஜி.பி.ஏ. (பத்துக்கு எத்தனை என்ற சராசரி) 7.2. இதைச் சதவீதமாக்க 9.5-ஆல் பெருக்கலாமா?

கூடாது. அந்த 9.5 சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்குச் சொன்ன கணக்கு. உங்கள் பல்கலைக்கழகத்தின் சூத்திரம் எதுவோ அதைப் பயன்படுத்துங்கள். சதவீதம் கேட்காத இடத்தில் 7.2 என்றே விட்டுவிடுங்கள்.

கே: இரண்டு அரியர் இருக்கிறது. மறைக்கலாமா?

ரெஸ்யூமேயில் தம்பட்டம் அடிக்க வேண்டாம். ஆனால் படிவத்தில் ‘பேக்லாக்’ என்று கேட்டிருந்தால் (இங்கே அரியருக்கு அதுதான் பெயர்) உள்ளதைச் சொல்லுங்கள்.

கே: மாரத்தஹள்ளியில் ஒரு பயிற்சி மையம் நாற்பதாயிரம் கொடுத்தால் இரண்டு வருட அனுபவக் கடிதம் தருகிறதாம்.

நாற்பதாயிரத்துக்கு ஒரு பொய்யை வாங்கப் போகிறீர்கள். பி.எஃப். கணக்கைப் பார்த்தால் நீங்கள் எங்கே, எப்போது வேலை செய்தீர்கள் என்பது தெரிந்துவிடும். அந்த இரண்டு வருடமும் வெறுமையாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? வேலையில் சேர்ந்த பிறகு பிடிபட்டு வெளியே அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலைக்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

கே: வண்ணப் பட்டைகள் போட்ட, பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்த டெம்ப்ளேட் அழகாக இருக்கிறதே?

மனிதர் பார்ப்பதற்கு முன் பல இடங்களில் மென்பொருள் படிக்கிறது. பத்திகளை அது குழப்பிவிடலாம். ‘ஜாவா 80%’ என்ற பட்டைக்கு என்ன பொருள் என்று எனக்கே புரிந்ததில்லை. ஒரே பத்தி, பி.டி.எஃப்., கோப்புக்கு உங்கள் பெயர்.

கே: அல்சூரில் வளர்ந்தேன். தமிழ் பேசுவேன், படிக்கத் தெரியாது. கன்னடம் நன்றாக வரும். மொழிகளில் எதை எழுதுவது? (பி.பி.ஏ. மாணவர்)

இரண்டையும் எழுதுங்கள். கன்னடம்: பேச, படிக்க, எழுத. தமிழ்: பேச மட்டும். வாடிக்கையாளர் சேவை, வங்கி, மருத்துவமனை முன்மேசை வேலைகளுக்கு இந்த வரியைத்தான் முதலில் தேடுவேன். இங்கே வளர்ந்த நம் பிள்ளைகள் ‘ஆங்கிலம், இந்தி’ என்று போட்டுவிட்டு வீட்டிலும் தெருவிலும் பேசுவதை விட்டுவிடுகிறார்கள்.