விடுப்புக்கும் வட்டி கட்டுகிறீர்கள்

கேள்வி: வயது 41. கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு ஆண்டுகளாக முடக்குவாதம். வேலை போய்விடுமோ என்று பயந்து அலுவலகத்தில் சொல்லவில்லை. காலையில் விரல்கள் மடங்காத நாட்களில் ஏதாவது காரணம் சொல்லி விடுப்பு எடுக்கிறேன். விடுப்பெல்லாம் தீர்ந்து இப்போது மாதம் நான்கு நாள் சம்பளம் பிடிக்கிறார்கள். துண்டு விழுவதற்கு கிரெடிட் கார்டில் பணம் எடுத்து, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறேன். வங்கி வைப்புநிதியைத் தொடவில்லை. காப்பீட்டு முகவரான என் மைத்துனர், தீவிர நோய்க் காப்பீடு எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: காப்பீடு கிடக்கட்டும். உங்கள் பணத்தைத் தின்பது நோயைவிட, அதை மறைக்க நீங்கள் எடுக்கும் விடுப்புதான்.

சம்பளம் 100 என்று வையுங்கள். 26 வேலை நாட்களில் நான்கு போனால் ஏறக்குறைய 15 குறையும். அதை மாதாமாதம் கார்டில் எடுத்தால் வருடத்துக்கு 180. மாத வட்டி 3 சதவீதம் என்றால், 210ஐத் தாண்டிவிடும். குறைந்தபட்சத் தொகையையும் சுற்றிவளைத்து அதே கார்டிலிருந்துதான் கட்டுகிறீர்கள் என்பது என் ஊகம். ஆக, வருடக் கடைசியில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கடன். கார்டில் ரொக்கமாக எடுத்தால் பொதுவாக அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும் என்பது கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா?

முடக்குவாதத்தின் விறைப்பு காலையில்தான் கடுமையாக இருக்கும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சட்டைப் பொத்தான்கூடப் போட வராது. பிறகு மெல்லத் தளரும். அப்படியானால் உங்களுக்குத் தேவை முழுநாள் விடுப்பு அல்ல. 11 மணிக்குத் தொடங்கி மாலையில் ஈடுகட்டும் வேலை நேரம். மருத்துவரிடம் கடிதம் வாங்குங்கள். நோயின் பெயரைவிட, காலையில் என்ன முடியாது, எந்த நேரத்தில் முழு வேலையும் முடியும் என்பது அதில் இருக்க வேண்டும். பேசப் போகும்முன் பணி ஒப்பந்தத்தையும் மருத்துவ விடுப்பு விதிகளையும் படியுங்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள்.

சொல்வதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் மாற்றி மாற்றி மாதம் நான்கு நாள் வராதவரைப் பற்றி மேலாளர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருப்பார். அது முடக்குவாதம் என்பதைவிட உங்களுக்கு மோசமான முடிவாகவே இருக்கும்.

வைப்புநிதியை உடைத்துக் கார்டு கடனை அடைத்துவிடுங்கள். மாதம் 3 சதவீதம் கட்டிக்கொண்டு, அதில் சிறு பகுதியை மட்டுமே வட்டியாகத் தரும் பணத்தைப் பூட்டி வைப்பது சேமிப்பே இல்லை. மருந்துச் செலவுக்கு மட்டும் மூன்று மாதத் தொகையை மீதம் வையுங்கள். இந்த நோய்க்கான சில மருந்துகள் பலன்தரவே வாரக்கணக்கில் ஆகும். பணமில்லை என்று இடையில் நிறுத்தினால் விடுப்புதான் கூடும்.

இனி மைத்துனர். அவர் சொல்லும் பாலிசிகள் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் என்று பட்டியலிட்ட நோய்களுக்கே பணம் தருபவை. முடக்குவாதம் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது. இருந்தாலும், ஏற்கெனவே வந்த நோய்க்குப் பலன் எதிர்பார்க்க முடியாது. விண்ணப்பத்தில் நோயை எழுத வேண்டாம் என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னாளில் கோரிக்கையை நிராகரிக்க அது ஒன்றே போதும். மறுக்கச் சங்கடமாக இருந்தால், கார்டு கடன் தீரும்வரை புதுப் பிரீமியம் எதுவும் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.