முகம் கழுவும்போது மட்டும் ஏன் தள்ளாட்டம்?

வணக்கம் ஐயா,

என் மாமியாருக்கு 74 வயது. பகலில் ஈரச்சந்தைக்குத் தனியாகவே போய் மீன் வாங்கி வருவார். ஆனால் வாஷ்பேசினில் குனிந்து, முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் முன்பக்கம் சாய்கிறார். இரண்டு முறை குழாயில் நெற்றியை இடித்துக்கொண்டார். தலைசுற்றல் இல்லையாம். காது டாக்டரிடம் காட்டினோம், காதில் ஒன்றும் இல்லை என்கிறார். உடம்பின் சமநிலை காதில் இருக்கிறது என்றுதானே உயர்நிலைப் பள்ளியில் படித்தோம்? அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்.

வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

நான் டாக்டர் இல்லை, தாதியர் மாணவர்களுக்கு உடற்கூறு பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன அந்தப் பள்ளிப் பாடத்தை நானும் நடத்தியிருக்கிறேன். தப்பில்லை, பாதிதான் சொல்கிறது.

காதின் வேலையை எனக்குக் காட்டியது என் காதேதான். ஒருநாள் காலை படுக்கையில் வலப்பக்கம் புரண்டேன். அணைத்திருந்த ஃபேன் அறையோடு சேர்ந்து சுற்றியது. அரை நிமிடம்தான், ஆனால் கட்டிலின் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். முதலில் போன கிளினிக்கில் வாந்தி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உட்காதில் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, தலை திரும்புவதை அவை சொல்லும். பக்கத்தில் இரண்டு பைகள். அவற்றுக்குள் கால்சியம் கார்பனேட் துகள்கள், நம் சுண்ணாம்புக்கல்லின் அதே சரக்கு. தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இவை சொல்லும். துகள் கழன்று குழாய்க்குள் நுழைந்துவிட்டால் என் கதைதான். அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட் என் தலையை வரிசையாக நான்கு திசையில் வைத்துத் துகளைப் பைக்குத் திருப்பி அனுப்பினார். பத்து நிமிட வேலை.

உங்கள் மாமியாருக்குச் சுற்றல் இல்லை, சாய்வு மட்டும். இது வேறு கதை.

வெறுங்காலில் எழுந்து நின்று பாருங்கள். சும்மா நிற்பதாக நினைப்போம். ஆனால் கட்டைவிரல் தரையை அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். கெண்டைக்கால் தசை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். உடம்பின் எடை கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுவதால், அந்தத் தசை விட்டுவிட்டால் நாம் முன்பக்கமாகத்தான் கவிழ்வோம். எவ்வளவு இழுக்க வேண்டும் என்ற கணக்கு, பாதத்தின் தோலிலிருந்தும் தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் தண்டுவடத்தின் பின்பக்க நரம்புக்கட்டு வழியாக மூளைக்கு ஏறுகிறது. உறுதியான தரையில் மூளை அதிகம் நம்புவது காதை அல்ல, இந்தப் பாதக் கணக்கைத்தான்.

இந்தக் கணக்கு மங்கினால் கண் அந்த இடத்தை நிரப்பும். சுவர், கதவுச்சட்டம், அலமாரி என்று எதையாவது பார்த்து மூளை நிமிர்ந்துகொள்ளும். அதனால்தான் பகலில் சந்தைக்குப் போய்வர முடிகிறது. சோப்பு போட்டுக் கண்ணை மூடிய நொடியில் அந்த உதவியும் போய்விடுகிறது. நரம்பியல் டாக்டர்கள் நோயாளியைக் கால்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச்சொல்வது இதைப் பார்க்கத்தான். 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் இருந்த மோரிட்ஸ் ராம்பெர்க் என்ற மருத்துவரின் பெயரில் வழங்கும் சோதனை அது. முகம் கழுவும்போது விழப்பார்க்கிறேன் என்று நோயாளி சொன்னால், அதுவே ஒரு அடையாளம் என்று பாடத்தில் வரும். நீங்கள் கடிதத்தில் எழுதியது கிட்டத்தட்ட அதே வரி.

நீண்டகாலச் சர்க்கரை பாத நரம்புகளைக் கெடுக்கும். மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் சிலருக்குப் பி12 வைட்டமின் குறையும். அதுவும் நரம்பைத்தான் தொடும், ஆனால் சீக்கிரம் பிடித்தால் சரிசெய்யலாம். ஆகவே மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் அடுத்த முறை பாதப் பரிசோதனையும் பி12 ரத்தப் பரிசோதனையும் வேண்டும் என்று கேளுங்கள். நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் வைத்து வளையும்வரை அழுத்தி, தெரிகிறதா என்று பார்ப்பார்கள். வலிக்காது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முகத்தை நாற்காலியில் உட்கார்ந்து ஈரத்துணியால் துடைக்கட்டும், அல்லது ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி கழுவட்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் 65 அல்லது அதற்கு மேல் வயதானவர் இருந்தால் குளியலறைக் கைப்பிடிக்கு அரசாங்க மானியம் உண்டு. இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு அணையாமல் எரியட்டும். இருட்டும் மூடிய கண்ணும் அவருக்கு ஒன்றுதான். அப்புறம், புளோக்குக்குக் கீழே கூழாங்கல் பதித்த நடைபாதை இருந்தால் வெறுங்காலில் நடக்க விடாதீர்கள். ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று யாராவது அழைத்துப் போவார்கள். மரத்த பாதத்தில் காயம் பட்டாலும் தெரியாது.

ஒன்று மட்டும் இன்றைக்கே அவரிடம் கேளுங்கள்: நடக்கும்போது செருப்பு கழன்று பின்னால் கிடக்க, தெரியாமலே நாலு எட்டு போய்விட்டது உண்டா?